நாற்பத்தொன்பது தவணைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு ரஷ்யக் குடியானவனின் கடன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபிஸ் வேலை என்று நினைத்து அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நானும் திருத்தவில்லை.

கணக்கு ஒன்றும் சிக்கலில்லை. அந்த மனிதன் தன் பண்ணையாருக்கு ஆண்டுக்கு 9 ரூபிள் கட்டிவந்தான் என்று வைத்துக்கொள்வோம். 1861-இல் அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. உழுதுகொண்டிருக்கும் நிலத்தை அவனே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது சட்டம். விலையை எப்படி முடிவு செய்வது? எவ்வளவு முதலை 6 விழுக்காட்டு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 9 ரூபிள் வருமோ, அதுதான் விலை. 150 ரூபிள். அதில் 80 விழுக்காட்டை, அதாவது 120 ரூபிளை, அரசாங்கம் கடன்பத்திரங்களாகப் பண்ணையாருக்குக் கொடுத்துவிடும். மிச்சம் 30 ரூபிளைக் குடியானவன் பண்ணையாரிடம் நேரடியாகத் தீர்க்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த 120-க்கு ஆண்டுதோறும் 6 விழுக்காடு, 7 ரூபிள் 20 கோபெக், 49 ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும். 49 வரிசைகளையும் இழுத்துக் கூட்டினேன். 352 ரூபிள் 80 கோபெக்.

எனக்கு ஒரு கல்விக் கடன் இருக்கிறது, ஒரு காடிக் கடனும் இருக்கிறது. அதனால் வாங்கியதைப் போல மூன்று மடங்கு கட்டுவது என்னை அப்படியொன்றும் அதிரவைக்கவில்லை. நீண்ட காலக் கடன் என்றால் அப்படித்தான். நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது கூட்டுத்தொகையை அல்ல, முதல் வரியை. அந்த 9 ரூபிளை அவன் எதற்காகக் கட்டிக்கொண்டிருந்தான்?

இந்தக் கணக்கில் நான் போய் விழுந்ததற்குச் செகாவ்தான் காரணம். எங்கள் வாசிப்புக் குழு மாதத்துக்கு ஒருமுறை மாமாக் கடையில் கூடும். ஏழெட்டுப் பேர். அந்த மாதம் ‘செர்ரித் தோட்டம்’ நாடகம். அதில் ஃபிர்ஸ் என்று 87 வயதுக் கிழவர் வருகிறார். பண்ணையடிமையாகப் பிறந்து, விடுதலை வந்தபோது அதை ஏற்றுக்கொள்ள மறுத்து, எஜமானர்களுடனேயே இருந்துவிட்டவர். அந்த விடுதலையை அவர் ‘துன்பம்’ என்றுதான் குறிப்பிடுவார். கடைசியில் எல்லாரும் அவரை மறந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்களில் பாதிப் பேர் ஃபிர்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள், பாதிப் பேர் பரிதாபப்பட்டார்கள்.

குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பவர். அவர் சொன்னார்: “தம்பி, நீங்கல்லாம் ஜார்னு சொன்னாலே அடிக்க வந்துடுறீங்க. ஒரு ராஜா, தானா முன்வந்து ரெண்டு கோடிப் பேருக்கு மேல விடுதலை குடுத்திருக்கான். துப்பாக்கிச் சத்தம் கேக்கல. அதே நேரத்துல அமெரிக்காவுல ஆறு லட்சம் பேர் செத்துத்தான் அது நடந்துச்சு. இந்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேணாமா?”

என்னிடம் பதில் இல்லை. தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம். ஆனால் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. கட்டியவனே வந்து கட்டை அவிழ்த்துவிட்டால், கட்டப்பட்டிருந்தவன் அவனுக்கு நன்றிக்கடன் பட்டவனா?

அந்தக் கட்டு எப்படிப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரஷ்யாவில் பண்ணையடிமைகளை ‘ஆன்மா’ என்ற கணக்கில் எண்ணுவார்கள். வரிக்கணக்கில் ஆண்கள் மட்டும்தான் ஆன்மா. ஓடிப்போனவனை எத்தனை ஆண்டு கழித்தும் திரும்பப் பிடிக்கலாம் என்று 1649-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு உறுதி செய்தது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளில் ஆன்மாக்கள் விற்கப்பட்டார்கள், சூதாட்டத்தில் தோற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலில் செத்துப்போனவர்களின் பெயர்களை ஒருவன் விலைக்கு வாங்கிக்கொண்டு அலைவது வெறும் கற்பனை விளையாட்டு இல்லை. உயிரோடு இருப்பதாகக் காகிதத்தில் இருந்தால் போதும், வங்கி கடன் கொடுக்கும். 1859 வாக்கில் ரஷ்யப் பண்ணையார்களின் ஆன்மாக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசுக் கடன் நிறுவனங்களில் அடகில் கிடந்தன. பண்ணையார் எடுத்த கடனுக்கு ஈடாக இருந்தது அடிமையின் உடல்.

தனி ஆளின் விலையும் நமக்குத் தெரியும். உக்ரேனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் விலை 2,500 ரூபிள். 1838-இல் ஓவியர் பிரியூலோவ் ஓர் உருவப்படம் வரைந்துகொடுக்க, அதைக் குலுக்கலில் விட்டு, வந்த பணத்தில் நண்பர்கள் அவரை மீட்டார்கள். செகாவின் தாத்தா யெகோர் 1841-இல் தன் குடும்பத்தை மீட்கக் கொடுத்தது 3,500 ரூபிள். அவர் கோபெக் கோபெக்காகச் சேர்த்த பணம். செகாவின் அப்பா அடிமையாகப் பிறந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஃபிர்ஸைப் படித்தால் அந்தக் கிழவரைப் பார்த்துச் சிரிக்க வராது.

இன்னொரு தேதிக் கணக்கு. பிரபுக்கள் கட்டாயமாக அரசப் பணி செய்ய வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. பிரபு ஜாருக்கு உழைக்கிறான், அதனால் குடியானவன் பிரபுவுக்கு உழைக்கிறான் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. 1762 பிப்ரவரி 18 அன்று மூன்றாம் பீட்டர் பிரபுக்களை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்தார். அப்படியானால் அடுத்து நம் முறைதானே என்று குடியானவர்கள் எதிர்பார்த்தார்கள். பண்ணையடிமை ஒழிப்பு அறிக்கையில் கையெழுத்தானது பிப்ரவரி 19. மறுநாளேதான், ஆனால் 99 ஆண்டுகள் கழித்து. இதைக் கவனித்துச் சொன்னவர் வரலாற்றாசிரியர் கிளியுச்செவ்ஸ்கி. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

இந்த 99 ஆண்டுகளில் அது தவறு என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. முதலாம் நிக்கோலாஸ் 1842-இல் தன் அரசவையிலேயே சொன்னார்: பண்ணையடிமை முறை தீமைதான், ஆனால் இப்போது அதில் கைவைப்பது அதைவிடப் பெரிய தீமை என்று. அதை ஆராய ஒன்றன்பின் ஒன்றாக ரகசியக் குழுக்களையும் போட்டார். இந்த வாக்கியம் எனக்கு மிக நெருக்கமானது. நான் வேலை பார்க்கும் துறையில் இதை மாதம் ஒருமுறையாவது கேட்பேன். ‘பம்ப்பு சரியில்லைன்னு தெரியும், ஆனா இப்ப நிறுத்த முடியாது.’ சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். நிறுத்தாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பது மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அவ்வளவுதான்.

கடைசியில் நிறுத்த வைத்தது கிரீமியப் போரில் வந்த தோல்வி. 1856 மார்ச்சில், பட்டத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்த இரண்டாம் அலெக்சாந்தர் மாஸ்கோப் பிரபுக்களிடம் பேசினார். இந்த முறை கீழிருந்து தானாக ஒழியத் தொடங்கும்வரை காத்திருப்பதைவிட, மேலிருந்து நாமே ஒழிப்பது நல்லது என்பது அந்தப் பேச்சின் சாரம். துணிச்சலான பேச்சுதான். ஆனால் அதன் உள்ளமைப்பைப் பாருங்கள். அது தவறு, அதனால் ஒழிக்க வேண்டும் என்று அதில் இல்லை. எப்படியும் போகப்போகிறது, போகும் விதத்தை நாம் கையில் வைத்துக்கொள்வோம் என்றுதான் இருக்கிறது. அதன்பின் ஐந்தாண்டுகள் மாகாணக் குழுக்களிலும் தலைநகரத்தின் வரைவுக் குழுக்களிலும் பிரபுக்களும் அதிகாரிகளும் கல்வியாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு பண்ணையடிமைகூட அந்த மேசையில் இல்லை.

வந்த சட்டம் மனிதனுக்கு விலை வைக்கவில்லை. ஆள் இலவசமாக விடுதலை, நிலத்துக்கு மட்டும்தான் விலை. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. இங்கேதான் எக்செல்லின் முதல் வரி வருகிறது. நிலத்தின் விலையைச் சந்தையில் நிலம் விற்கும் விலையை வைத்து முடிவு செய்யவில்லை, குடியானவன் கட்டிவந்த 9 ரூபிளை வைத்து முடிவு செய்தார்கள். வடக்கு மாகாணங்களில் மண் மட்டமானது. அந்த 9 ரூபிள் மண்ணிலிருந்து வந்ததே இல்லை. குளிர்காலம் முழுக்க வண்டி ஓட்டியும் தறி நெய்தும் மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் போய்க் கூலி வேலை செய்தும் அவன் கொண்டுவந்த பணம் அது. அவன் கைகால்களின் மேல் பண்ணையாருக்கு இருந்த உரிமைக்குக் கட்டிய பணம். கருமண் இல்லாத அந்த மாகாணங்களில், சீர்திருத்தத்துக்கு முந்தைய சந்தை விலையில் சுமார் 15 கோடியே 50 லட்சம் ரூபிள் பெறுமானமுள்ள நிலத்துக்கு விதிக்கப்பட்ட மீட்புத்தொகை 34 கோடியே 20 லட்சம். உடம்புக்கு விலை இல்லை என்று சட்டம் சொன்னது. உடம்பின் விலையை நிலத்தின் விலைக்குள் வைத்துத் தைத்துவிட்டது கணக்கு.

ஒரு பொறியாளனாக இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட முதலில் ஒரு வியப்புதான் வந்தது. அருமையான சூத்திரம். ஒரு வரியில் எல்லாத் தரப்பும் சமாதானம். அதைப் போட்டவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அதில் சிலர் உண்மையிலேயே நல்லவர்கள் என்பதுதான் சங்கடம். நிக்கோலாய் மில்யூத்தின் என்ற அதிகாரி, உள்துறையில் இருந்தவர், குடியானவனுக்கு நிலத்தோடு விடுதலை வேண்டும் என்று வரைவுக் குழுவில் கடைசிவரை போராடினார். காரணம் இருந்தது. பால்டிக் மாகாணங்களில் 1816-க்கும் 1819-க்கும் இடையில் நிலமில்லாமல் விடுதலை கொடுத்து, குடியானவர்கள் அதே பிரபுக்களின் கூலிகளாக நின்றதை அவர்கள் பார்த்திருந்தார்கள். போர் முடிந்து கஜானா காலி. பண்ணையார்களை எதிர்த்துக்கொள்ள ஜாருக்குத் துணிவில்லை. இந்த நிலையில் நிலம் வேண்டுமென்றால் விலை என்ற வாய்ப்பூட்டைப் போட்டுத்தான் பண்ணையார்களின் வாயை மூட முடியும் என்று அவர் கணித்திருக்க வேண்டும். சட்டம் வந்த சில வாரங்களிலேயே மில்யூத்தினைப் பதவியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பிரபுக்களை ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நேர்மையாகச் சொன்னால், அதே சூத்திரத்தைத்தான் போட்டிருப்பேன். பாதி நியாயமாவது இன்று கிடைக்கட்டும் என்று. மில்யூத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. அந்தப் பாதியை முழுசு என்று பெயரிட்டு, கோயில் மணி அடித்து, வாங்குகிறவனைக் கும்பிடச் சொன்னதில்தான் புகார்.

அறிக்கையை எழுதியவர் மாஸ்கோவின் பேராயர் பிலாரெத். கையெழுத்து பிப்ரவரி 19-இல் ஆனாலும் மார்ச் 5 வரை வெளியிடவில்லை. மறுநாள் தவக்காலம் தொடங்குகிறது, நோன்பு நேரத்தில் மக்கள் குடிக்காமல் அமைதியாக இருப்பார்கள் என்று ஒரு கணக்கு. இந்த இரண்டு வார இடைவெளியின் நடுவில், பிப்ரவரி 26 அன்று, ஷெவ்சென்கோ செத்துப்போனார்.

மார்ச் 5-இல் அறிவிப்பு வாசிக்கப்பட்டபோது குடியானவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழு சட்டங்கள், நூற்றுக்கணக்கான பக்கங்கள். இரண்டு ஆண்டுகள் எல்லாம் பழையபடியே இருக்கும். அதன் பிறகும் மீட்பு ஒப்பந்தம் ஆகும்வரை ‘தற்காலிகக் கடமைப்பட்டவர்கள்’. வீட்டு வேலைக்காரர்களாக இருந்த பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நிலமே கிடையாது. ஃபிர்ஸ் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் ஏன் விடுதலை வேண்டாம் என்றார் என்பது இப்போது அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை இல்லையா? வயதான காலத்தில் வெறுங்கையோடு வாசலில் நிற்கவைப்பதற்குப் பெயர் விடுதலை என்றால், ஆமாம், துன்பம்தான்.

கஸான் மாகாணத்தில் பெஸ்த்னா என்று ஒரு கிராமம். அந்தப் பெயருக்கு ரஷ்ய மொழியில் பாதாளம் என்று அர்த்தம். அங்கே அந்தோன் பெத்ரோவ் என்ற குடியானவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தெரியும். சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்து, உண்மையான விடுதலை இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் ராப்பகலாகப் படித்தார். ஒரு மாதிரிப் படிவத்தில் இருந்த 10% என்ற குறி அவர் கண்ணில் பட்டது. அந்த % குறியைப் புனித அன்னாவின் சிலுவை முத்திரை என்று எடுத்துக்கொண்டார். இதோ இருக்கிறது, ஜார் நமக்கு முழு விடுதலையும் நிலமும் கொடுத்துவிட்டார், பண்ணையார்களும் அதிகாரிகளும் மறைக்கிறார்கள் என்று அறிவித்தார். சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. பண்ணை வேலையை நிறுத்தினார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை.

ஏப்ரல் 12 அன்று ஜெனரல் அப்ராக்சின் படையோடு வந்தார். பெத்ரோவின் வீட்டைச் சுற்றி நின்றவர்கள் கலையவில்லை, அவரை ஒப்படைக்கவும் இல்லை. நாங்கள் ஜாரின் பக்கம், எங்களைச் சுடுவது ஜாரைச் சுடுவதாகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சரமாரியாகச் சுட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்கிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுட்டு முடித்த பிறகு பெத்ரோவ் வீட்டிலிருந்து வெளியே வந்தார், சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. ஒரு வாரம் கழித்து அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களுக்காகக் கஸானில் நடந்த வழிபாட்டில் பேசியதற்காக ஷாப்பொவ் என்ற பேராசிரியரைக் கைது செய்தார்கள். அப்ராக்சின் செய்ததை ஜார் ஏற்றுக்கொண்டார்.

அண்ணன் சொன்ன ‘துப்பாக்கிச் சத்தம் கேக்கல’ என்பதற்கு இது பதில் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். ஆனால் என்னை நிறுத்திவைப்பது அந்த % குறிதான். நமக்குத் தெரியும், பெத்ரோவ் தப்பாகப் படித்தார். அது வெறும் விழுக்காட்டுக் குறி. ஆனால் நான் போட்ட கணக்கின் மையமும் ஒரு விழுக்காட்டுக் குறிதானே, அந்த 6%. படித்தவர்கள் அந்தக் குறியைச் சரியாகப் படித்து, இது நியாயமான நிலவிலை என்று கண்டார்கள். படிக்காதவர் குறியைத் தப்பாகப் படித்து, உழைத்தவனுக்கு நிலம் சொந்தம் என்று கண்டார். யார் சரியாகப் படித்தது என்பதில் எனக்கு இப்போது அவ்வளவு உறுதி இல்லை.

பெத்ரோவுக்குப் பின்னால் நின்றவர்களின் வாதம் புதிதும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், பின்னாளில் டிசம்பர் எழுச்சிக்காரர்களில் ஒருவரான யாகுஷ்கின் தன் அடிமைகளுக்கு விடுதலை தர முன்வந்தார். நிலம் யாருக்கு என்று கேட்டார்கள். நிலம் எனக்குத்தான் என்றார். அப்படியானால் பழையபடியே இருக்கட்டும், நாங்கள் உங்களுடையவர்கள், ஆனால் நிலம் எங்களுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டால்ஸ்டாய்க்கும் இதே கதைதான். 1856 கோடையில் யாஸ்னயா பல்யானாவில் ஊரைக் கூட்டி, தன் நிபந்தனைகளோடு விடுதலைத் திட்டத்தைச் சொன்னார். முடிசூட்டு விழாவில் ஜாரே எல்லா நிலத்தோடும் விடுவித்துவிடுவார், இந்த எஜமான் அதற்குள் கையெழுத்து வாங்கி ஏமாற்றப் பார்க்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர் மனம் நொந்துபோனார். பாவம், உண்மையாகவே நல்ல எண்ணத்தோடு போனவர். ஆனால் நல்ல எண்ணத்தோடு வந்தவனைக்கூட நம்ப முடியாதபடி அந்தக் குடியானவர்களை ஆக்கியது யார்?

தமிழ்ப்பள்ளியில் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? நன்றி மறப்பது பாவம் என்ற இடத்திலேயே நாம் நின்றுவிடுகிறோம். அந்த அதிகாரத்தின் முதல் குறள் பேசுவது ஒரு குறிப்பிட்ட உதவியைப் பற்றி: முன்பு நம்மிடமிருந்து எதுவும் பெறாத ஒருவர் செய்யும் உதவி. அதற்குத்தான் ஈடு இல்லை. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ரஷ்யாவுக்குப் போங்கள். பண்ணையார் குடியானவனிடமிருந்து ஒன்றும் பெறாதவரா? இருநூறு ஆண்டுகளாக அவர் சாப்பிட்டது, உடுத்தியது, பாரீஸில் போய்ச் செலவழித்தது, வங்கியில் அடகு வைத்தது எல்லாம் யாருடையது? அப்படிப் பார்த்தால் செய்ந்நன்றி அதிகாரம் அந்தக் கதையில் பண்ணையாருக்கு எழுதப்பட்டது. கடன்பட்டவர் அவர். தவணை கட்ட வேண்டியவரும் அவர்தான். எக்செல்லில் கடன் கொடுத்தவன், வாங்கியவன் என்ற இரண்டு பத்திகளின் தலைப்பையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ரஷ்யா மட்டும் இப்படிச் செய்யவில்லை. பிரிட்டன் 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது இழப்பீடாக 2 கோடி பவுண்ட் கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. அதற்கு வாங்கிய கடன் 2015-இல்தான் முழுக்கத் தீர்ந்தது. ஆனாலும் பிரிட்டனில் அந்தப் பணம் வரிப்பணம். ரஷ்யாவில் விடுதலையானவனே கட்டினான்.

அண்ணனின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் நாற்பது லட்சம் பேருக்கு விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. ரஷ்யக் குடியானவனுக்குக் குறைந்தபட்சம் காலடியில் மண் இருந்தது. அலெக்சாந்தரின் மற்ற சீர்திருத்தங்களும் சாதாரணமானவை அல்ல. 1864-இல் வந்த ஜூரி நீதிமன்றம் எவ்வளவு உண்மையானது என்றால், 1878-இல் பீட்டர்ஸ்பர்க் ஆளுநரைச் சுட்ட வேரா சஸூலிச்சையே அது விடுதலை செய்தது. ஒரு சர்வாதிகார நாட்டில் இது நடந்தது என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது. அரசாங்கத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உடனே இப்படிப்பட்ட வழக்குகளை ஜூரியிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்த ‘எடுத்துவிட்டார்கள்’ என்ற இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உரிமையாக ஒத்துக்கொண்டதைத் திரும்ப எடுப்பது கடினம். கொடையாகக் கொடுத்ததை எடுப்பது சுலபம், கொடுத்த கைக்கு அது எப்போதும் தன்னுடையதாகவே தெரியும். ஜார் எல்லாவற்றையும் கொடுக்கலாம், கொடுக்கும் அதிகாரத்தைத் தவிர. அரசியல் சட்டம் என்று யாராவது பேச்செடுத்தால் அலெக்சாந்தர் பின்வாங்கினார். பல வருஷம் கழித்து, 1881 மார்ச் 1 காலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைச் சட்டம் பற்றிய ஆலோசனைக்கு அழைக்கும் மிகச் சிறிய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார். மதியம் குண்டு வீசிக் கொன்றார்கள். அது வேறு துயரம், அதைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அந்தத் திட்டத்தைத் தூக்கிப்போட்டு, எதேச்சாதிகாரம் அசையாது என்று அறிக்கை விட்டார். 1889-இல் கிராமங்களுக்கு மேல் ‘நிலத் தலைவர்கள்’ என்ற அதிகாரிகள் வந்தார்கள், பிரபுக் குடும்பங்களிலிருந்து. பழைய பண்ணையார் அரசாங்கச் சம்பளத்தோடு திரும்பி வந்ததுபோல் குடியானவனுக்குத் தோன்றியிருக்கும். குடியானவனைக் கசையால் அடிக்கத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிராம நீதிமன்றங்களுக்கு 1904 வரை இருந்தது. விடுதலையாகி நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

தவணை மட்டும் நிற்கவில்லை. ஊர் மொத்தமாகப் பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் ஊர் அனுமதியில்லாமல் யாரும் வெளியேற முடியாது, வெளியூர் போகக் கடவுச்சீட்டு வேண்டும். எஜமான் போனார், அவர் இடத்தில் ஒரு கணக்குப் புத்தகம் உட்கார்ந்துகொண்டது. 1895-இல் இரண்டாம் நிக்கோலாஸ், ஆட்சியில் மக்கள் பங்கேற்பு பற்றிப் பணிவாகக் கேட்டவர்களிடம் அதெல்லாம் அர்த்தமற்ற கனவு என்றார்.

1905 இலையுதிர்காலத்தில் சராத்தோவிலும் தம்போவிலும் இன்னும் பல மாகாணங்களிலும் பண்ணை வீடுகள் எரிந்தன. நவம்பர் 3 அன்று ஜார் ஓர் அறிக்கை வெளியிட்டார்: மீட்புத்தொகை 1906-இல் பாதியாகும், 1907 ஜனவரி 1 முதல் முற்றிலும் ரத்து. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விண்ணப்பங்களும் கண்ணீரும் சாதிக்காததைச் சில வாரத் தீ சாதித்தது. தீ வைத்ததை நான் கொண்டாடவில்லை. அதில் நூலகங்களும் எரிந்தன, ஒரு தப்பும் செய்யாத மனிதர்களும் வீடிழந்தார்கள். ஆனால் அலெக்சாந்தர் 1856-இல் மாஸ்கோப் பிரபுக்களிடம் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி, அவர் பயந்த அந்தக் ‘கீழிருந்து’, அன்று நடந்தது. மேலிருந்து பாதியைத் தந்ததால்தான் மீதிப் பாதி இப்படி வந்தது என்று எனக்குப் படுகிறது. இதை நிரூபிக்க என்னிடம் சூத்திரம் இல்லை.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி தம்பி, நீ அந்தக் காலத்துல குடியானவனா இருந்தா, அந்தக் காகிதத்துல கைநாட்டு வெச்சிருப்பியா, மாட்டியா?” என்றார். வைத்திருப்பேன் என்றேன். நிலம் வேணுமே. “அப்புறம்?” என்றார். வெச்சிருப்பேன், ஆனா கும்பிட்டிருக்க மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். “கும்பிடாம வாங்க விட்டுருப்பானுங்களா?” என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து எக்செல்லை மறுபடி திறந்தேன். மீட்பு ஒப்பந்தத்துக்கு ஒத்துவராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த பண்ணைகள் எல்லாவற்றையும் அரசாங்கம் 1883 ஜனவரியிலிருந்து கட்டாயமாக மீட்புக்கு மாற்றியது. அந்த ஆண்டு முதல் தவணையைக் கட்டிய ஒரு குடும்பத்துக்கு, 1905 நடக்காமல் போயிருந்தால், நாற்பத்தொன்பதாவது தவணை எந்த வருஷம் வரும் என்று பார்த்தேன். கடைசி வரிசையில் 1931 என்று வந்தது. அந்த ஆண்டு ரஷ்யாவில் ஜாரும் இல்லை, பண்ணையாரும் இல்லை. குடியானவர்களின் நிலத்தையும் மாட்டையும் கூட்டுப்பண்ணைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் கொண்டுவந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டும் கூட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. சுவர்களில் எங்கு பார்த்தாலும் ஆளும் கட்சியின் பெயர்ச் சுருக்கம் மூன்று பெரிய எழுத்துகளில் இருக்கும். அந்த எழுத்துகளைக் கிராமத்தில் தங்களுக்குள் ரகசியமாக வேறு மாதிரி விரித்துப் படித்தார்கள்: இரண்டாவது பண்ணையடிமைச் சட்டம் என்று.